கையில் பட்டமும் கழுத்தில் மண்ணும்: ருமேனியாவின் இரும்புக் காவல்படை வளர்ந்ததும் வீழ்ந்ததும்

கேள்வி இது: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ருமேனியாவில் ஒருசில மாணவர்கள் தொடங்கிய இரும்புக் காவல்படை ஆட்சியைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தது எப்படி? பிடித்த நான்கே மாதத்தில் அழிந்தது எப்படி? ஹிட்லரின் எடுபிடி இயக்கம் என்று அதைச் சுருக்கிவிடலாமா?

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுருக்க முடியாது. ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாணவர்கள் கொலைப் பட்டியல் எழுதிவிட்டார்கள். கடைசியில் ஹிட்லர் இவர்களைக் கைவிட்டுத்தான் இன்னொருவர் பக்கம் நின்றார். இது ருமேனிய மண்ணிலேயே முளைத்தது. அதற்கு நீர் ஊற்றியவர்கள் யார் என்று பார்த்தால், வெளிநாட்டார் வரிசையில் பின்னால்தான் வருவார்கள். முன்னால் நிற்பவர்கள் அந்த நாட்டின் பேராசிரியர்கள், ஜூரர்கள் (வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள்), பாதிரியார்கள், அரண்மனைக்காரர்கள். "நம்ம பிள்ளைகள், கொஞ்சம் வேகம் அதிகம், ஆனால் நாட்டுப்பற்று உள்ளவர்கள்" என்று ஒவ்வொரு கொலைக்கும் மன்னிப்பு வழங்கிய பெரியவர்கள். பல ஆண்டுகள் இந்த வரலாற்றைப் படித்ததில் என் மனத்தில் நிற்பது இந்த ஒன்றுதான். கொலைகளைவிட, கொலைகளுக்குப் பின் வந்த விடுதலைத் தீர்ப்புகள்தான் இந்த இயக்கத்தைக் கட்டின.

முதல் உலகப் போர் முடிந்தபோது ருமேனியா ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருத்தது. திரான்சில்வேனியா, புக்கோவினா, பெசராபியா எல்லாம் வந்து சேர்ந்தன. கூடவே ஹங்கேரியர், ஜெர்மானியர், உக்ரைனியர், யூதர் என்று பல மக்களும் வந்தார்கள். 1930 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம். அதில் ருமேனியர் 72 சதவீதம், யூதர் 4 சதவீதம். ஆனால் மால்டோவாப் பகுதி நகரங்களில் யூதர்களின் பங்கு இதைவிடப் பல மடங்கு. யாஷ் நகரம் அப்படிப்பட்டது. கடைத்தெருவிலும் மருத்துவத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் பல்கலைக்கழக வகுப்பிலும் யூதர்கள் கண்ணில் படும் எண்ணிக்கையில் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம், கிராமத்துப் பள்ளி ஆசிரியர் மகனும் பாதிரியார் மகனும் உழவர் மகனும் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்தார்கள். தங்க விடுதி இல்லை, சாப்பாடு போதவில்லை. பட்டம் வாங்கினால் அரசு வேலை என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவர்களைத் தாங்கியது. அந்த வேலைகளோ பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பெருகவில்லை. 1929-க்குப் பின் வந்த பொருளாதாரச் சரிவில் இருந்த சம்பளங்களையும் அரசு வெட்டியது. இந்தக் குறை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பசி உண்மையாக இருப்பதால், அதற்கு ஒருவர் கைகாட்டும் காரணமும் உண்மையாகிவிடாது.

கைகாட்டியவர் யாஷ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஏ. சி. குஸா. ருமேனியனின் எல்லாத் துன்பத்துக்கும் யூதனே காரணம் என்பதை ஒரு பாடத்திட்டம் போல வகுப்பில் நடத்திய மனிதர். 1922 இறுதியில் குளூஷ் மருத்துவக் கல்லூரியில் ஒரு கலகம் வெடித்தது. கிறிஸ்தவர்களின் சடலங்களை யூத மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கூடாது என்பது கோரிக்கை. அது நாடெங்கும் பரவி, டிசம்பர் 10 அன்று மாணவர் போராட்டமாக உருவெடுத்தது. பல்கலைக்கழகங்களில் யூதர் சேர்க்கைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். அந்தத் தேதியை அடுத்த பல ஆண்டுகள் மாணவர் திருநாளாகவே கொண்டாடினார்கள். மறு ஆண்டு வந்த புதிய அரசியல் சட்டம் யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அதற்கு எதிராகக் குஸா ஒரு கட்சி தொடங்கினார். அதன் இளைஞர்களைத் திரட்டும் பொறுப்பு அவருடைய மாணவர் ஒருவருக்குப் போனது. 1899-இல் பிறந்த, உயரமும் அழகும் கொண்ட, குறைவாகப் பேசும் கொர்னேலியூ கொத்ரேயானு. பள்ளி ஆசிரியர் மகன்.

1923 அக்டோபரில் கொத்ரேயானுவும் தோழர்களும் அமைச்சர்களையும் யூத வங்கியாளர்களையும் கொல்லத் திட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள். புக்கரெஸ்ட்டின் வகரெஷ்ட் சிறையில் அடைத்தார்கள். அங்கே சிறைக் கோயிலில் இருந்த அதிதூதர் (தேவதூதர்களின் தலைவர்) மிக்கேலின் திருவுருவம் கொத்ரேயானுவின் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் இயக்கத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. விசாரணைக்கு முந்தைய நாள், அவருடைய நெருங்கிய தோழர் இயோன் மோட்ஸா, தங்களைக் காட்டிக்கொடுத்த மாணவனைச் சிறைக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டார். மறுநாள் நீதிமன்றம் என்ன செய்தது? சதியில் நாள் குறிக்கப்படவில்லை என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தது. சுட்ட மோட்ஸாவும் சில மாதங்களில் விடுதலை. இது முதல் தீர்ப்பு.

யாஷ் திரும்பிய மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மாணவர் இல்லம் கட்ட முடிவு செய்தார்கள். புரூத் ஆற்றங்கரையில் உங்கேனியில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் செங்கல் அறுத்தார்கள். படித்த பிள்ளைகள் மண் மிதிப்பதைப் பார்த்து ஊர் வியந்தது. நகரக் காவல்துறைத் தலைவர் மான்ச்சு 1924 மே இறுதியில் அவர்களில் பலரைப் பிடித்து அடித்தார், கடுமையாகவே அடித்தார். அடிபட்டவர்கள் மீது மக்களுக்கு இரக்கம் பிறந்தது. அக்டோபர் 25 அன்று, அடிபட்ட மாணவர் ஒருவரின் வழக்குக்காக நீதிமன்றம் வந்திருந்த கொத்ரேயானு, அங்கேயே மான்ச்சுவைச் சுட்டுக் கொன்றார்.

பட்டப்பகலில், நீதிமன்றத்தில், காவல்துறைத் தலைவரின் கொலை. ஐயத்துக்கு இடமே இல்லாத வழக்கு. உள்ளூரில் நடத்தினால் கலவரம் வரும் என்று நாட்டின் மறுகோடியில், டான்யூப் கரையில் உள்ள டுர்னு செவெரினுக்கு வழக்கை மாற்றினார்கள். 1925 மே மாதம் அந்தச் சிற்றூருக்கு ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜூரர்கள் குஸா கட்சியின் ஸ்வஸ்திகா சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள்: குற்றவாளி இல்லை. கொத்ரேயானு ஊர் திரும்பிய வழியில் ரயில் நிலையந்தோறும் கூட்டம். மறுமாதம் ஃபொக்ஷானியில் நடந்த அவருடைய திருமணத்துக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

இந்த வழக்கை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நடந்த அத்தனைக்கும் இங்கேதான் அச்சு வார்க்கப்பட்டது. கொலை செய்தால் தண்டனை இல்லை என்பதோடு நிற்காமல், கொலை செய்தால் கல்யாண ஊர்வலம் கிடைக்கும் என்று இருபது வயதுப் பையன்கள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1926 நவம்பரில் செர்னவுட்ஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். பள்ளி இறுதித் தேர்வில் யூத மாணவர்களை வேண்டுமென்றே தோற்கடித்தார்கள் என்று ஒரு போராட்டம் நடந்திருந்தது. அதற்காக வழக்கில் சிக்கிய டேவிட் ஃபாலிக் என்ற யூத மாணவரை கொத்ரேயானுவின் ஆதரவாளர் ஒருவர் சுட்டுக் கொன்றார். சில மாதங்களில் சுட்டவருக்கும் விடுதலை. தேர்வில் நீதி கேட்ட பையன் மண்ணுக்குள் போனான், அவனைச் சுட்டவனைத் தோளில் தூக்கினார்கள்.

குஸா பேசுவதோடு நிற்கும் பாராளுமன்றக்காரர் என்று சலித்து, 1927 ஜூன் 24 அன்று யாஷ் நகரில் கொத்ரேயானு, மோட்ஸா உள்பட ஐந்து இளைஞர்கள் தனியாகப் பிரிந்து 'அதிதூதர் மிக்கேல் படையணி'யைத் தொடங்கினார்கள். 1930-இல் அதன் போர்ப் பிரிவுக்கு வைத்த பெயர்தான் 'இரும்புக் காவல்படை'. காலப்போக்கில் முழு இயக்கத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. அடிப்படை அலகுக்குப் பெயர் 'கூடு'. மூன்று பேருக்குக் குறையாமல், பதின்மூன்று பேருக்கு மிகாமல் ஒரு கூடு. அதற்கு ஒரு தலைவர். வாரம் ஒருமுறை கூடிப் பிரார்த்தனை, பாட்டு, மௌனம், வேலைப் பங்கீடு. அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். எந்த ஊரிலும் யாரும் ஒரு கூடு தொடங்கலாம். கட்சியைத் தடை செய்தால் அலுவலகத்துக்குப் பூட்டுப் போடலாம், ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடும் ஏழு பேரை எப்படிப் பூட்டுவது? உறுப்பினர்கள் பச்சைச் சட்டை அணிந்தார்கள். பழைய போர்க்களங்களின் மண்ணைச் சிறு தோல் பையில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். தலைவருக்குக் 'கேப்டன்' என்று பெயர். வெள்ளை உழவர் உடையில், வெள்ளைக் குதிரையில் அவர் கிராமத்துக்குள் நுழைவார், அதிகம் பேச மாட்டார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வாக்குறுதிகளை வண்டி வண்டியாகக் கொட்டும் அரசியல்வாதிகளைப் பார்த்துப் புளித்துப்போன மக்களுக்கு அந்த மௌனமே தெய்வ வாக்காகப் பட்டது.

அடுத்தது உழைப்பு முகாம்கள். ஆற்றுக்குக் கரை எழுப்பினார்கள், கோயில் கட்டினார்கள், பாலம் போட்டார்கள், விதவையின் வீட்டுக்குக் கூரை வேய்ந்தார்கள். மலிவு விலை உணவகமும் கடையும் நடத்தினார்கள். இலஞ்சத்தில் ஊறிய ஒரு நாட்டில், கூலி வாங்காமல் வெயிலில் நிற்கும் மாணவனைப் பார்த்த ஒரு கிழவி இவர்களைக் கெட்டவர்கள் என்று நம்புவாளா? தீவிர வலதுசாரி இளைஞர் அமைப்பு என்றதும் வெறி பிடித்த முகம் ஒன்றை மனத்தில் வரைந்துகொள்கிறோம். அந்த முகத்தோடு வந்திருந்தால் யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஒழுக்கம், தியாகம், தோழமை, பக்தி என்று எந்தத் தாயும் மகனிடம் விரும்பும் குணங்களோடு வந்தார்கள். அந்தக் குணங்கள் அனைத்தும் ஒரு வெறுப்பின் சேவையில் இருந்தன என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

பாதிரியார்கள் கொடிகளை மந்திரித்துக் கொடுத்தார்கள். பேராசிரியர்கள் தத்துவம் கொடுத்தார்கள். தத்துவப் பேராசிரியர் நாயே இயொனெஸ்குவின் மாணவர் வட்டம் ஏறக்குறைய மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்தது. அதில் ஒருவரை இந்திய வாசகர்கள் அறிந்திருக்கலாம்: மிர்ச்சா எலியாடே. 1928 இறுதியில் கல்கத்தா வந்து, சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் இந்தியத் தத்துவம் படித்து, மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர். யோகத்தைப் பற்றி உலகுக்கு எழுதிய அதே மனிதர் 1937-இல் படையணியைப் புகழ்ந்து கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் சிகாகோவில் மத வரலாற்றுப் பேராசிரியராகப் பெரும் புகழ் பெற்றார்; அந்தக் கட்டுரைகளுக்குப் பொறுப்பேற்று வெளிப்படையாக ஒருபோதும் வருந்தவில்லை. அதே வட்டத்தில் இருந்த யூத எழுத்தாளர் மிஹாயில் செபாஸ்டியன், நண்பர்கள் ஒவ்வொருவராக மாறுவதைத் தன் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். நேற்றுவரை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் தம் இனத்தைப் பற்றி என்ன பேசத் தொடங்கினார்கள் என்பதை அதில் படிப்பது பெரும் வேதனை.

தேர்தலில் முதலில் இவர்கள் பெரிதாக வெல்லவில்லை. 1932-இல் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு, ஐந்து இடங்கள். 1933 நவம்பரில் பிரதமரான இயோன் டூக்கா துணிந்து, டிசம்பர் 10 அன்று, அதாவது அதே மாணவர் திருநாளில், இயக்கத்தைத் தடை செய்தார். ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து அடைத்தார். டிசம்பர் 29 இரவு, மலைநகரமான சினையாவில் மன்னரைப் பார்த்துவிட்டு ரயிலேற நின்றவரை நடைமேடையிலேயே மூன்று இளைஞர்கள் சுட்டுக் கொன்றார்கள். மூவருக்கும் ஆயுள் தண்டனை. ஆனால் கொத்ரேயானு? மறைந்திருந்தார், பிறகு தானே வந்து சரணடைந்தார், 1934 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றத்தால் விடுதலையானார். ஒரு பிரதமரின் கொலைக்கும் கேப்டனைத் தொட முடியவில்லை. 'நாட்டுக்காக அனைத்தும்' என்ற புதுப் பெயரில், ஒரு பழைய தளபதியை முன்னால் நிறுத்தி, கட்சி மீண்டும் எழுந்தது.

தங்களுக்குள் மாறுபட்டவர்களையும் விடவில்லை. மிஹாய் ஸ்டெலெஸ்கு, படையணியின் இளம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்து, கொத்ரேயானுவோடு முறித்துக்கொண்டு வெளியேறியவர். 1936 ஜூலையில் புக்கரெஸ்ட் மருத்துவமனை ஒன்றில் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். பத்துப் பேர் உள்ளே நுழைந்து கட்டிலிலேயே சுட்டார்கள், இறந்த உடலைக் கோடரியால் வெட்டினார்கள். பிறகு அமைதியாகப் போய்ச் சரணடைந்தார்கள். அவர்களில் இறையியல் மாணவர்களும் இருந்தார்கள். கொலை பாவம்தான், அதற்கான தண்டனையையும் ஏற்கிறேன், ஆனால் நாட்டுக்காகச் செய்ய வேண்டியிருந்தது என்பது இவர்கள் தங்களுக்கென்று ஆக்கிக்கொண்ட இறையியல். கொன்றுவிட்டு ஓடாமல் நிற்பதைப் புனிதமாக்கினார்கள். மரணத்தை அப்படிக் காதலித்த வேறு அரசியல் இயக்கத்தை அக்கால ஐரோப்பாவில் காண்பது அரிது.

அந்த மரண வழிபாட்டுக்குப் பெரிய மேடை 1937-இல் அமைந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ தரப்பில் போரிடப் போன மோட்ஸாவும் வாசிலே மரினும் ஜனவரி 13 அன்று மாட்ரிட் அருகே மஹதஹோண்டாவில் இறந்தார்கள். உடல்கள் ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து வந்தன. பிப்ரவரியில் புக்கரெஸ்ட்டில் நடந்த இறுதி ஊர்வலத்தில் பச்சைச் சட்டைகளின் வரிசை நகரத்தையே மூடியது. ஆயர்கள் நின்று மந்திரம் ஓதினார்கள். ஜெர்மன், இத்தாலியத் தூதர்களும் வந்து நின்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் இயக்கத்துக்கு 2,70,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். டிசம்பர் தேர்தலில் 15.58 சதவீத வாக்கு, 66 இடங்கள், நாட்டின் மூன்றாவது பெரிய கட்சி. அந்தத் தேர்தலில் தேசிய உழவர் கட்சித் தலைவர் இயூலியு மனியூவே இவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அரசு தேர்தலில் தில்லுமுல்லு செய்யாமல் தடுப்பதற்காக என்று அவர் காரணம் சொன்னார். மதிப்புமிக்க ஜனநாயகவாதி கை கொடுத்தால், தயங்கிக்கொண்டிருந்தவர்களின் தயக்கமும் போய்விடுகிறது.

இனி வீழ்ச்சி. இங்கே மன்னர் இரண்டாம் கரோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் இந்த இளைஞர்களைத் தன் கருவியாக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர். முடியவில்லை என்று தெரிந்ததும், தேர்தலில் வெறும் 9 சதவீதம் வாங்கிய, கோகா என்ற அரசியல்வாதியும் குஸாவும் சேர்ந்து நடத்திய கட்சியிடம் ஆட்சியைக் கொடுத்தார். பழைய பேராசிரியர் குஸாதான்! 44 நாள் நீடித்த அந்த அரசு யூதர்களின் குடியுரிமையை மறு ஆய்வு செய்யச் சட்டம் போட்டது. அதனால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள் ஆனார்கள். படையணியின் கோரிக்கையைப் படையணி இல்லாமலே நிறைவேற்றினால் அதன் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்பது மன்னரின் எண்ணம். 1938 பிப்ரவரியில் அந்த அரசையும் கலைத்து, அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்து, தானே சர்வாதிகாரி ஆனார்.

உள்துறையைக் கவனித்த அர்மாண்ட் கலினெஸ்கு கொத்ரேயானுவை உள்ளே தள்ள வழி தேடினார். வரலாற்றாசிரியர் நிக்கொலாய் இயோர்காவுக்குக் கொத்ரேயானு எழுதிய கடுமையான கடிதம் கையில் கிடைத்தது. அவதூறு வழக்கில் ஆறு மாதம். உள்ளே இருக்கும்போதே தேசத்துரோக வழக்கில் பத்து ஆண்டு. கொலைக்குக் கிடைக்காத தண்டனை கடிதத்துக்குக் கிடைத்தது. நவம்பர் 28 அன்று குளூஷ் பல்கலைக்கழகத் தலைவரைப் படையணியினர் சுட்டுக் காயப்படுத்தினார்கள். அடுத்த நாள் நள்ளிரவு கடந்து, கொத்ரேயானுவையும், டூக்காவைக் கொன்ற மூவரையும், ஸ்டெலெஸ்குவைக் கொன்ற பத்துப் பேரையும் வேறு சிறைக்கு மாற்றுவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். டன்கபெஷ்ட் காட்டருகே பதினான்கு பேரையும் பின்னாலிருந்து கயிறு போட்டு நெரித்துக் கொன்றார்கள். தப்பி ஓடியபோது சுட்டதாகக் காட்ட, இறந்த பிறகு முதுகில் சுட்டார்கள். புக்கரெஸ்ட் அருகே ஜிலாவா சிறையில் புதைத்து, அமிலம் ஊற்றி, மேலே கான்கிரீட் போட்டார்கள்.

என் கருத்தில் ருமேனிய அரசு செய்த இரண்டாவது பெரும் தவறு இது. 1925-இல் சட்டம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள். 1938-இல் சட்டத்தைக் கொன்று அதே வேலையைச் செய்தார்கள். திறந்த நீதிமன்றத்தில் கொலைகாரன் என்று நிரூபிக்க வேண்டிய மனிதனைக் காட்டில் நெரித்துத் தியாகி ஆக்கினார்கள். பழி சுழலத் தொடங்கியது. 1939 செப்டம்பர் 21 அன்று, அப்போது பிரதமராக இருந்த கலினெஸ்குவின் காரை புக்கரெஸ்ட் தெருவில் மறித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை அதே இடத்துக்குக் கொண்டுவந்து சுட்டு, பிணங்களைத் தெருவிலேயே போட்டு வைத்தது அரசு. மாவட்டத்துக்கு மூன்று பேர் வீதம் படையணியினரை விசாரணையே இல்லாமல் சுட்டது. சுமார் 250 பேர். இயக்கத்தின் மூத்த அடுக்கே இல்லாமல் போனது. மிஞ்சியவர்களில் தலைமையைப் பிடித்தவர் ஹோரியா சிமா. கேப்டனின் கவர்ச்சி இல்லாதவர். எஞ்சி நின்றது பழி ஒன்றுதான்.

அப்படி நொறுங்கிக் கிடந்த இயக்கத்துக்கு 1940 கோடை புத்துயிர் கொடுத்தது. ஜூன் இறுதியில் பெசராபியாவையும் வடக்கு புக்கோவினாவையும் சோவியத் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 30 அன்று வடக்கு திரான்சில்வேனியா ஹங்கேரிக்குப் போனது. தெற்கு தொப்ருஜா பல்கேரியாவுக்கு. ஒரு குண்டும் வெடிக்காமல் நாட்டின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், செப்டம்பர் 6 அன்று கரோல் பதினெட்டு வயது மகன் மிஹாயிடம் முடியைக் கொடுத்துவிட்டு ஓடினார். அதிகாரம் தளபதி இயோன் அந்தொனெஸ்குவின் கைக்கு வந்தது. அவருக்கு மக்கள் ஆதரவுள்ள ஒரு கட்சி வேண்டும், படையணிக்கு ஒரு நாற்காலி வேண்டும். செப்டம்பர் 14 அன்று 'தேசிய படையணி அரசு' அறிவிக்கப்பட்டது. சிமா துணைப் பிரதமர். மாவட்ட ஆட்சியர்கள் எல்லோரும் படையணியினர்.

ஆளத் தெரியவில்லை. வேறு எப்படிச் சொல்வது? ஆற்றுக்குக் கரை கட்டத் தெரிந்தவர்களுக்கு நிதித்துறை தெரியவில்லை. நாட்டை 'ருமேனியமயம்' ஆக்குகிறோம் என்று யூதர்களின் கடைகளுக்குள் புகுந்து, உரிமையாளரை அடித்து, கையெழுத்து வாங்கிச் சொத்தை எழுதிக்கொண்டார்கள். தங்களுக்கென்று தனிப் போலீஸ் வைத்துக்கொண்டார்கள். நேற்று வரை எட்டிப் பார்க்காதவர்கள் பச்சைச் சட்டை தைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். தியாகம் பேசிய இயக்கம் சில வாரங்களில் கொள்ளைக் கூட்டமானது. நவம்பர் இறுதியில் கேப்டனின் எலும்புகளைத் தோண்டியெடுக்க ஜிலாவாவில் கான்கிரீட்டை உடைத்தார்கள். உடைத்த கையோடு, 26-ஆம் தேதி இரவு, அதே சிறையில் இருந்த முன்னாள் அமைச்சர்கள், அதிகாரிகள் என அறுபதுக்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். மறுநாள் இயோர்காவை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று சாலையோரம் கொன்றார்கள். பொருளாதார அறிஞர் விர்ஜில் மத்ஜாருவையும் காட்டில் கொன்றார்கள். இயோர்காவே ஒரு காலத்தில் குஸாவோடு சேர்ந்து யூத எதிர்ப்புக் கட்சி நடத்தியவர் என்பது வரலாறு. ஆனாலும் அந்த நாட்டின் மிகப்பெரிய வரலாற்று அறிஞர், எழுபதைத் தொடும் முதியவர். சவ அடக்கத்துக்குப் போகவும் பலர் அஞ்சினார்கள்.

நாட்டில் ஒழுங்கு குலைவது ஹிட்லருக்கு ஆகவில்லை. அவருக்கு வேண்டியது ப்ளொயெஷ்ட் எண்ணெய்க் கிணறுகளும், சோவியத் மீது பாய ஒரு கட்டுக்கோப்பான படையும். 1941 ஜனவரி 14 அன்று அந்தொனெஸ்கு அவரைச் சந்தித்து வந்தார். சிமாவுக்கும் அழைப்பு இருந்தது, போகவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்தொனெஸ்கு படையணியின் உள்துறை அமைச்சரை நீக்க, ஜனவரி 21 அன்று புக்கரெஸ்ட்டில் கிளர்ச்சி வெடித்தது. மூன்று நாள். போலீஸ் தலைமையகத்தையும் அரசுக் கட்டடங்களையும் பிடித்துவைத்துக்கொண்டு இராணுவத்தோடு சுட்டுக்கொண்டார்கள். அதே மூன்று நாளில் யூதர்கள் வாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்தார்கள். ஜெபக்கூடங்களை எரித்தார்கள், செபர்டி யூதர்களின் (ஸ்பெயின் வழி வந்த யூதர்களின்) அழகிய பெரிய கோயிலும் அதில் சாம்பலானது. ஜிலாவா காட்டுக்கு லாரிகளில் ஏற்றிச் சென்று பனியில் நிறுத்திச் சுட்டார்கள். சிலரை நகர இறைச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஏறத்தாழ 125 யூதர்கள் மாண்டார்கள்.

23-ஆம் தேதி இராணுவம் கிளர்ச்சியை அடக்கியது. படையணித் தரப்பில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். சிமா உள்பட முந்நூறு பேர் அளவில் ஜெர்மானியர் உதவியுடன் தப்பி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களை விருந்தாளியாகவும் கைதியாகவும் ஒருசேர வைத்திருந்தார்கள். அந்தொனெஸ்குவை மிரட்டத் தேவைப்படும்போது எடுத்துக்காட்டும் சீட்டு. 1944-இல் ருமேனியா அணி மாறியபோது வியன்னாவில் பெயரளவு அரசொன்றை அமைக்க விட்டார்கள், அவ்வளவே. சிமா 1993-இல் இறந்தார். நாட்டுக்குள் மிஞ்சியவர்களில் சிலர் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் நுழைந்துகொண்டார்கள், சிலர் மலையேறி அதை எதிர்த்துப் போரிட்டார்கள். பலர், மாணவர்கள்தாம், 1949-க்குப் பின் பிட்டெஷ்ட் சிறையில் சிக்கினார்கள். கைதியைக் கொண்டே கைதியைச் சித்திரவதை செய்த அந்தச் சிறையின் கொடுமை யாருக்கும் நேரக் கூடாதது. இவர்கள் செய்ததை மறக்காமலே இதையும் நான் சொல்ல முடியும்.

அமைப்பு 1941 ஜனவரியோடு முடிந்தது. அது ஊட்டிய நஞ்சு என்ன ஆனது என்று சொல்லாமல் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. படையணியை நசுக்கிய அதே அந்தொனெஸ்குவின் அரசு, ஐந்து மாதம் கழித்து, யூதர்களுக்கு இடம் குறையுங்கள் என்று மாணவர்கள் கூச்சலிட்ட அதே யாஷ் நகரில், ஜூன் 28, 29 தேதிகளில் யூதர்களை வேட்டையாடியது. இராணுவமும் போலீசும் ஜெர்மன் சிப்பாய்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தார்கள். பழைய படையணியினரும் அவர்களில் இருந்தார்கள். பிழைத்திருந்தவர்களை இரண்டு சரக்கு ரயில்களில் அடைத்து, சாளரத்தை ஆணியடித்து மூடி, கோடை வெயிலில் தண்ணீர் இல்லாமல் அனுப்பினார்கள். மொத்தத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னாளில் ருமேனிய அதிகாரிகளே ஏற்ற கணக்கு. இரண்டாவது ரயில் போன பொது இலோயெய் யாஷிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தொலைவைக் கடக்க ரயில் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை.